சூழலை மாற்றிய மருத்துவர்

காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்குச் செல்லும்போதெல்லாம் எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு எழும். செட்டிநாட்டை ஒட்டியுள்ள அந்த நகரில் 1886 ஜூலை 30-ஆம் தேதி பிறந்தவர் அவர். உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்பதால் அவரது வாழ்க்கையைப் புற்றுநோய் அறிவியலோடு சேர்த்தே எண்ணிப் பார்ப்பது என் வழக்கம்.

தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்ததால் கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் மருத்துவரானார்.

ஆனால், அந்தப் படிப்பு தங்கையைக் காப்பாற்ற உதவவில்லை. 1923-இல் குடல் புற்றுநோய் தங்கையின் உயிரைப் பறித்தது. நோய் இன்னதெனத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்த இழப்பு, பின்னாளில் அவர் மேற்கொண்ட பெரும்பணிக்கு வித்தானது.

அதற்கிடையே சட்டமேலவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லம் கண்டார். புற்றுநோயாளி எப்படியும் இறக்கப்போகிறவர்தானே, அவருக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற மனப்போக்கு அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவிய காலம் அது. அவர் தளரவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1968-இல் முத்துலட்சுமி மறைந்தார்.

அவர் காலத்துக்குப் பின் அறிவியல் கண்டறிந்த ஓர் உண்மை, அவரது வாழ்க்கையை எனக்கு மேலும் விளக்குகிறது. புகையிலைப் புகையிலும் விறகுப் புகையிலும் உள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகள் உடலுக்குள் புகும்போது, அவற்றை மாற்றி வெளியேற்ற உயிரணுக்களில் நொதிகள் உள்ளன. சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் அந்த நச்சை மாற்றும்போது, இடையில் மரபணுவைச் சிதைக்கவல்ல பொருளும் உருவாகிவிடுவதுண்டு. குளூட்டாதயோன் சார்ந்த நொதிகள் அதைப் பிணைத்து அகற்ற முயல்கின்றன. மார்பகத் திசுவிலும் இந்த இருவகை நொதிகள் செயல்படுகின்றன.

இவற்றின் அளவை உயிரணு தானாக மட்டும் முடிவு செய்வதில்லை. அது பற்றி நிற்கும் அடிச்சவ்வு, அண்டையிலுள்ள கொழுப்பணுக்கள், ஹார்மோன்கள் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. எலியின் பால்சுரப்பி உயிரணுவைப் பிரித்து வெறும் தட்டில் வளர்த்தால், பால்புரதம் உருவாக்குவதை ஏறத்தாழ மறந்துவிடுகிறது. அடிச்சவ்வு போன்ற மென்கூழில் வைத்தால், மீண்டும் உருவாக்குகிறது. நச்சை மாற்றும் நொதிகளும் இவ்வாறு சூழலுக்கேற்பக் கூடிக் குறைகின்றன. மரபணு அதேதான், சூழல் மாற, நடத்தையும் மாறுகிறது.

முத்துலட்சுமி இந்த நொதிகளை அறிந்தவர் அல்லர். ஆயினும், நோயை மட்டும் பார்க்காமல், நோயாளி வாழும் சூழலையும் பார்த்தவர். கல்வியும் சட்டமும் புகலிடமும் மருத்துவமனையும் அவருக்கு வெவ்வேறு பணிகளாகத் தோன்றியிருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

அவரது பிறந்த நாளைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால், மார்பில் கட்டி தென்பட்டும் கூச்சத்தாலும் அச்சத்தாலும் மறைக்கும் பெண்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மார்பகப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். அதைத் தயங்காமல் சொல்லும் சூழலை வீட்டில் உருவாக்குவது ஆண்களாகிய நமது கடமையும்கூட. தங்கையை இழந்த ஒரு மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த நினைவேந்தல் இருக்க முடியாது.