18 வயசுல ஓட்டு: கொடுத்த ராஜீவ் காந்தி அடுத்த தேர்தலிலேயே தோற்ற கதை

16 வயதினருக்கும் ஓட்டுரிமை தரப்போவதாக பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இந்தியாவுல இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும்: வயசைக் குறைச்சா எந்தக் கட்சிக்கு லாபம்? அதுக்குப் பதில் தேடினா ராஜீவ் காந்தியிடம்தான் போய் நிற்கணும்.

1944 ஆகஸ்ட் 20-ல் மும்பையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிச்சார், பட்டம் வாங்கலை. திரும்பி வந்து இந்தியன் ஏர்லைன்ஸில் பைலட் ஆனார். அம்மா பிரதமர், தம்பி சஞ்சய் அரசியல் வாரிசு. இவருக்கு விமானமே போதுமா இருந்தது. 1980 ஜூனில் சஞ்சய் விமான விபத்தில் இறந்ததும் அந்த வாழ்க்கை முடிஞ்சுது. 1981-ல் அமேதி எம்.பி. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா சுட்டுக்கொல்லப்பட, அன்றைக்கே பிரதமர். வயசு 40.

அடுத்த சில நாட்களில் டெல்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அவருடைய ஆட்சியின் தொடக்கமே அந்தக் கறையோடுதான். ஆனாலும் டிசம்பர் தேர்தலில் 514 இடங்களில் 404 காங்கிரஸுக்கு. இன்றுவரை எந்தக் கட்சியும் அந்த எண்ணைத் தொடவில்லை.

கம்ப்யூட்டர், டெலிபோன், புதிய கல்விக் கொள்கை என்று இளைஞர்களை மனசுல வெச்சே பேசியவர். ஆனால் 1987-ல் போஃபர்ஸ் வெடிச்சுது. அமைச்சரவையில் இருந்த வி.பி.சிங் வெளியேறி, 1988-ல் அலகாபாத் இடைத்தேர்தலில் ஜெயிச்சு, எதிரணியின் முகமாவே ஆகிட்டார்.

இந்த நெருக்கடிக்கு நடுவுலதான் 1988 டிசம்பரில் அந்த மசோதா வருது. அதுவரை அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவில் ஓட்டுப்போடும் வயது 21. ஒருத்தர் 18 வயசுல சட்டப்படி மேஜர், டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம், ராணுவத்தில் சேரலாம், ஆனா ஓட்டு மட்டும் கிடையாது. சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஏற்கெனவே 18-ஐ ஏத்துக்கிட்டிருந்தன. 1951-ல் 18% ஆக இருந்த எழுத்தறிவு 1981-ல் சுமார் 44%. இளைஞர்கள் இப்போது விவரம் தெரிந்தவர்கள் என்பதுதான் அரசு சொன்ன காரணம். சில நாட்களிலேயே இரண்டு அவைகளும் நிறைவேற்றின. பாதிக்கும் மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தந்தன. 1989 மார்ச் 28-ல் 61-வது திருத்தம் அமலுக்கு வந்தது. அப்போது குடியரசுத் தலைவர் நம்ம ஆர்.வெங்கட்ராமன். 16-க்கு இறங்கணும்னாலும் இதே பாதையில்தான் போகணும், தேர்தல் ஆணையம் நினைச்சா மட்டும் நடக்காது.

கணக்கைப் பாருங்க. வழக்கமா ஒரு வருஷத்துக்கு ஒரு வயதுப் பிரிவுதான் பட்டியலில் புதுசா சேரும். 1989-ல் 18, 19, 20 என்று மூணும் கூடுதலா ஒரே நேரத்தில் வந்தன. 1984-85-ல் சுமார் 40 கோடியா இருந்த வாக்காளர்கள் 49.9 கோடி ஆனார்கள். அதுவும் அசாம் இல்லாமலேயே, அந்த வருஷம் அங்கே தேர்தல் நடக்கலை.

நவம்பரில் முடிவு வந்தபோது காங்கிரஸுக்கு 197. தமிழ்நாடு மட்டும் வேற மாதிரி: அதிமுக-காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 38. நாடு முழுக்கப் பார்த்தா ராஜீவ் ஆட்சி போச்சு, வி.பி.சிங் பிரதமர். புது ஓட்டுகள்தான் கவிழ்த்தன என்று சிலர் எழுதுவதுண்டு. வாக்குச்சீட்டில் வயசு எழுதியிருக்காது, அதனால அந்தக் கதையை நான் வாங்க மாட்டேன். ஓட்டுரிமை கொடுத்தது அவரைக் காப்பாத்தலை, அவ்வளவுதான் உறுதியாச் சொல்ல முடியும். லாபக் கணக்குல 16 கேட்பவர்களும், அதே கணக்குல பயப்படுபவர்களும் இந்த 197-ஐ ஒருமுறை பார்க்கலாம். என்னைக் கேட்டா, இன்னொரு எண்ணும் முக்கியம்: 2024 தேர்தலுக்கு முன் பட்டியலில் இருந்த 18-19 வயதினர் சுமார் 1.8 கோடி. நாட்டில் அந்த வயதில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை.

1991-ல் மறுபடியும் தேர்தல் வந்தது. மே 20-ல் முதல் கட்ட வாக்குப்பதிவு. மறுநாள் இரவு, பிரசாரத்துக்காக ஸ்ரீபெரும்புதூர் வந்த ராஜீவ் மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். வயசு 46. 1989-ல் 18 வயசுல முதல் ஓட்டுப் போட்டவங்க பலருக்கு அந்தத் தேர்தலில் 20 வயசு. அது அவங்களோட ரெண்டாவது ஓட்டு. பழைய சட்டம் இருந்திருந்தா முதல் ஓட்டே இன்னும் வந்திருக்காது.