சோடாக்கடைக் காசில் ஒரு பல் கல்லூரி



இந்த மாதம் பெரியோர் வரலாறு எழுதும் முறை எனக்கு வந்தது. காந்தி, காமராஜர், கலாம் பற்றியெல்லாம் முன்னாடியே எழுதிட்டாங்க. அதனால் நான் ஒரு பல் டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்றாங்க.

ஏன் இவர் என்று கேட்பீங்க. என் சிங்கப்பல்தான் காரணம். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல் மேல் ஏறி வெளியே நிற்கும். ஆண்டுவிழா போட்டோவில் நான் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு நிற்பேன். எதிர்வீட்டு அப்பத்தா, அந்த ஒரு பல்லைப் பிடுங்கிப் போட்டால் சரியாப் போயிரும் என்றார். குறைந்த காசுக்குப் பிடுங்கும் ஆள் ஒருத்தரையும் சொன்னார். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. எங்க அத்தையோ, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போயிரும் என்று பயம் காட்டினார். அம்மாவுக்கு ஒரே குழப்பம். கடைசியில் பட்டாசு ஆலை வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு, ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்றேன். முதலில் அகமது அவர்களின் வரலாறு.

அவர் 1890 டிசம்பர் 24-ல் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அது இப்போது வங்கதேசம் என்ற தனி நாடு. அலிகாரில் படித்துவிட்டு அமெரிக்கா போனார். 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு பாஸ்டன் நகரில் போர்சைத் என்ற குழந்தைகள் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1919-ல் ஊர் திரும்பிவிட்டார்.

அப்போது நம் நாட்டில் பல் மருத்துவம் சொல்லித்தர ஒரு கல்லூரிகூடக் கிடையாது. பல் வலித்தால் தெருவில் பல் பிடுங்குகிறவரிடம்தான் நிறையப் பேர் போனாங்க. அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். காசுக்கு என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் சோடா பவுண்டன் என்று ஒரு சோடாக்கடை வைத்தார்! அதில் வந்த பணத்தில் கல்லூரியை நடத்தினார். சோடா, கலர் நிறையக் குடித்தால் பல் கெடும் என்று டீச்சர் சொல்வாங்க. அந்தச் சோடாக் காசே பல்லைக் காப்பாற்றப் போனதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் ஒரு வருடப் படிப்பாக இருந்தது. 1935-ல் நான்கு வருடப் படிப்பாக வளர்ந்தது. இங்கே படித்த பாத்திமா ஜின்னா 1923-ல் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்தார். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் பல் டாக்டர்! அகமது 1925-ல் பல் மருத்துவத்துக்கு ஒரு பத்திரிகை தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பல் மருத்துவம் பார்க்கிறவர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1939-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் இவர். 1948-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1949-ல் தன் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். பிறகு அந்த மாநிலத்தில் அமைச்சராகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1965 பிப்ரவரி 9-ல் காலமானார். கொல்கத்தாவில் அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

இப்போது என் கதை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் பல்லைப் பிடுங்கவே இல்லை. மாவு மாதிரி ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுத்து, அதில் என் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் செய்து காட்டினாங்க. பக்கவாட்டில் எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. தப்பு சிங்கப்பல் மேல் இல்லையாம்! அறிவியல் பாடத்தில் கோரைப்பல் என்று படித்தோமே, அதுதான் இது. மேல்வரிசையில் இது பிந்தி முளைக்கும். அதற்குள் இடம் தீர்ந்து போனதால் மேலே ஏறிவிட்டது. இதன் வேர் ரொம்ப நீளம், இதைச் சும்மா பிடுங்கக் கூடாதாம். இடம் வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் உள்ள முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, கம்பி போட்டு இதை உள்ளே நகர்த்துவாங்க. சிலருக்கு எதையும் எடுக்க வேண்டாம். பல்லின் அகலம், தாடையில் உள்ள இடம் இரண்டையும் அளந்துதான் முடிவு செய்யணும். மேல், கீழ் கடைவாய்ப்பற்கள் எப்படிப் பொருந்துகிறது என்றும் பார்த்தாங்க. அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் என்ற டாக்டர் 1899-ல் அதை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாங்க. கண் பார்வைக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்றதும்தான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

எங்க அப்பா அச்சாபீஸில் வேலை பார்க்கிறார். புரூஃப் பார்க்காமல் மிஷினை ஓட்டினால் காலண்டர் தாள் கட்டுக்கட்டாக வீணாகும் என்பார். தாள் போனால் வேறு தாள் வாங்கலாம். பல் போனால் முளைக்காது.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. எந்தப் பல்லை எடுப்பது, எடுக்காமல் முடியுமா என்று அன்றைக்குத்தான் தெரியும். கம்பி போட்டால் இரண்டு வருடம்கூட ஆகலாம். பயமாகத்தான் இருக்கு. ஆனால் என் வாயில் கை வைப்பவர் படித்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பார். அதற்கு வழி செய்த அகமது அவர்களுக்கு என் வணக்கம். நீங்களும் படிக்காத ஆளிடம் பல்லைக் காட்டாதீங்க. அப்புறம் என்னைப் பல்லி என்று கூப்பிடுவதையும் விட்டுடுங்க!

உங்களுக்குத் தெரியுமா? பால்பற்கள் 20. நிலைப்பற்கள் 32. அகமது பிறந்த டிசம்பர் 24 நம் நாட்டில் பல் மருத்துவர் தினம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி