விரலாற் படிக்கும் எழுத்தைக் கண்டவர்

எழுத்தைக் கண்ணென்று போற்றுவது தமிழர் மரபு. அங்ஙனமாயின் கண்ணிழந்தார்க்கு எழுத்து யாது? நெடுங்காலம் உலகம் இவ்வினாவை எண்ணிப் பார்த்திலது. பார்வையிழந்தோர்க்கு உணவும் உடையும் ஈந்தோர் பலர். எழுத்தை ஈய முயன்றோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர், தாமே பார்வையிழந்தவராகிய லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். புதியது காணும் ஆற்றல் எவரிடத்துப் பிறக்கும் என்பதை அவர் வரலாறு இனிது விளக்கும்.

பாரிசு மாநகர்க்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூர் உளது. அங்குக் குதிரைச் சேணம் தைத்து வாழ்ந்த சீமோன் ரெனே பிரெயில் என்பார்க்கு, 1809 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள் லூயி கடைசி மகவாய்ப் பிறந்தார். மூன்றாம் வயதில், தந்தையார் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து அவர் விளையாடுகையில் அது ஒரு கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் நஞ்சு மற்றைக் கண்ணையும் பற்றவே, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன. ஆயினும் பெற்றோர் அவரை மூலையில் இருத்தினாரல்லர். ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர். ஏனைச் சிறுவரோடு அமர்ந்து, கேள்வி ஒன்றையே துணையாகக் கொண்டு அவர் கற்றார்.

1819 ஆம் ஆண்டு, பத்து வயதுச் சிறுவராய், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான அரசுப் பள்ளியிற் சேர்ந்தார். அதனை நிறுவிய வாலந்தேன் அயுயி என்னும் பெருந்தகையார், ஈரத்தாளின்மீது பெரிய எழுத்துக்களை அழுத்திப் புடைத்தெழச் செய்து நூல்கள் அமைத்திருந்தார். அவை அளவிற் பெரியன, சுமத்தற்கு அரியன. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரல் சுற்றிச் சுற்றி அறிதல் வேண்டும். ஒரு வாக்கியத்தின் இறுதியை எட்டுமுன் அதன் தொடக்கம் மறந்துபோம். மேலும் அம்முறையில் மாணவர் படிக்கலாமேயன்றித் தாமே எழுதுதல் அரிது. அயுயி அவர்களின் அருளுள்ளம் பெரிது. ஆயினும் அவர் கண்ணுக்கென வகுத்த எழுத்தையே விரலுக்கு வழங்கினார்.

1821 ஆம் ஆண்டு, படைத்துறையிற் பணியாற்றிய சார்லசு பார்பியே என்பவரின் புதுமுறை அப்பள்ளிக்கு வந்தது. கோடுகளை நீக்கிப் புள்ளிகளை அமைத்தது அதன் சிறப்பு. எனினும் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. அவை ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. ஒலியையே அது குறித்தமையால் சொற்களின் எழுத்துமுறையும் நிறுத்தக் குறிகளும் அதில் இடம்பெறவில்லை. பன்னிரண்டு வயதுப் பிரெயில் அதனை விரலால் தடவி, அதன் நலத்தையும் குறையையும் ஒருங்கே உணர்ந்தார்.

ஓய்வு நேரமெல்லாம் தாளும் கூர்முனைக் கருவியுமாய் அவர் உழைத்தார். தம் கண்ணைக் கவர்ந்த குத்தூசியின் இனத்ததே அக்கருவியும். 1824 ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், ஆறே புள்ளிகளால் தம் முறையைப் பெரும்பாலும் முடித்தார். மும்மூன்றாய் இரு நிரையில் நிற்கும் அப்புள்ளிகள் விரலை அசைக்காமலே உணரத்தக்கவை. அவற்றால் 63 வடிவங்கள் தோன்றும். முதற் பத்தெழுத்துக்கள் மேல் நான்கு புள்ளிகளால் அமைவன. அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைக் கூட்டினால் அடுத்த பத்தும் பிறக்கும். 1829 இல் இம்முறையை நூலாக வெளியிட்ட அவர், பார்பியேயின் உதவியை அதில் நன்றியுடன் குறித்தார். அந்நூலிற் சில கோடுகளும் கலந்திருந்தன. 1837 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றையும் களைந்தார். மிகையைக் களைவதும் படைப்பேயன்றோ?

பள்ளியின் ஆசிரியராகவும், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் அவர் பணியாற்றினார். இசைக்கும் புள்ளிக்குறிகள் வகுத்தார். ஆயினும், கண்ணுடையார் எழுத்தினின்றும் வேறாகிய எழுத்து பார்வையிழந்தோரைச் சமுதாயத்தினின்றும் பிரித்துவிடும் என்று பலர் தடை கூறினர். அதற்கு விடையாக, இருசாராரும் படிக்கத்தக்க வேறொரு புள்ளிமுறையையும் அவர் 1839 இல் வெளியிட்டார். 1840 இல் பள்ளித் தலைமை மாறியபின் அவர்தம் ஆறு புள்ளிகள் சில காலம் விலக்கப்பட்டன. மாணவரோ அவற்றைக் கைவிட்டாரல்லர்; அவற்றின் அருமையை அவர்தம் விரல்கள் அறிந்திருந்தன. 1844 இல் புதிய கட்டடத் திறப்புவிழாவிற் பலர் முன்னிலையில் அம்முறை விளக்கப்பட்டு நன்மதிப்புப் பெற்றது.

நெடுநாள் வருத்திய காசநோயால் பிரெயில் 1852 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6 ஆம் நாள், 43 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1854 இல், அவர் மறைந்து ஈராண்டு கழித்தே, அப்பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது. பின்னர் அது கடல் கடந்து நம் நாட்டையும் எய்தியது. 1951 இல் இந்திய மொழிகட்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் நம் தமிழும் இடம்பெற்றது. அச்சில் ‘கெ’ என்று எழுதுங்கால் உயிர்க்குறி முன்னும் மெய் பின்னும் நிற்கும். பிரெயிலிலோ ஒலிக்கும் முறைப்படியே ககரம் முன்னும் எகரம் பின்னும் வரும். தமிழ் கற்பார்க்கு இஃதோர் இனிய செய்தி.

எரிகோவின் வழியோரத்திருந்த பர்த்திமேயுவை அழைத்த நம் ஆண்டவர், அவன் வேண்டுவது யாது என்று கேட்ட பின்னரே அவனுக்கு அருள் செய்தார். உலகமோ பார்வையிழந்தோரைக் கேளாமலே அவர்க்கு நன்மை செய்ய முற்பட்டது. குறையுடையாரென நாம் இரங்கும் ஒருவரிடத்தே நம்மினும் மிக்க அறிவு இருத்தல் கூடும். அதனைக் கேட்கும் செவி சமுதாயத்திற்கு வேண்டும். அச்செவி இல்லையேல் எத்துணைப் பிரெயில்கள் பயனின்றி மறைவரோ! 1952 இல் அவருடல் பாரிசில் நாட்டின் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. எழுத்தைக் கண்ட கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடத்தே போற்றி வைத்துக்கொண்டனர்.