கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட வேக மன்னர்

தரையில் மணிக்கு 300 மைல் வேகத்தை முதன்முதலில் தாண்டிக் காட்டியவர் சர் மால்கம் காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர். 300 மைல் என்றால் சுமார் 483 கிலோமீட்டர். நொடிக்கு 440 அடி. பதினெட்டுப் பெட்டிகள் கோத்த மெயில் வண்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை சுமார் மூன்று நொடியில் கடந்துவிடும் வேகம் அது.

இவ்வளவு வேகமாகப் போனவர் மூர்க்கர் என்று நினைக்கத் தோன்றும். காம்ப்பெல்லின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத உலகத்தில் இருபது வருடம் காலம் தள்ளியவர் அவர்.

1885ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். தகப்பனார் வைர வியாபாரி. மகனும் தொழில் கற்கட்டும் என்று ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார். பையன் அங்கே வைரத்தைவிட மோட்டார் சைக்கிளைத்தான் அதிகம் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பியதும் லண்டன் லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு வருடம் சம்பளமே கிடையாது. மூன்றாம் வருடம் வாரத்துக்கு ஒரு பவுன். பின்னால் பத்திரிகைகளுக்கு மானநஷ்ட வழக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் யோசனையைப் பிடித்து நல்ல பணம் சம்பாதித்தார். பந்தயச் செலவுக்குக் கை கொடுத்தது இந்த ஆபீஸ் உத்தியோகம்தான்.

1910 வாக்கில் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் கார் ஓட்ட ஆரம்பித்தார். அப்போது லண்டனில் மேட்டர்லிங்கின் 'நீலப் பறவை' நாடகம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் தம் காருக்கு நீல வர்ணம் அடித்து, 'புளூ பேர்ட்' என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு வந்த கார், படகு எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். முதல் உலக யுத்தத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வீரராகவும், பிறகு விமானம் ஓட்டுபவராகவும் வேலை பார்த்தார்.

யுத்தம் முடிந்த பின்தான் உலகச் சாதனை ஆசை பிடித்தது. 1922 மே மாதம் கெனெல்ம் லீ கின்னஸ் என்பவர் சன்பீம் கார் ஒன்றில் மணிக்கு 133.75 மைல் ஓட்டியிருந்தார். அதே காரை இரவல் கேட்டு வாங்கி, அடுத்த மாதமே சால்ட்பர்ன் கடற்கரை மணலில் ஓட்டினார் காம்ப்பெல். கின்னஸின் வேகத்தைத் தாண்டிவிட்டார் என்று கையில் பிடித்த ஸ்டாப் வாட்ச் காட்டியது. ஆனால் கையால் அமுக்கும் கடிகாரத்தை ஒப்புக்கொள்ள முடியாது என்று தள்ளிவிட்டார்கள்.

காரை விலைக்கே வாங்கினார். 1923இல் டென்மார்க்கில் ஃபேனோ தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே மணிக்கு 137 மைலுக்கு மேல் போனார். இந்தத் தடவை கடிகாரம் மின்சாரக் கடிகாரம்தான். ஆனால் அது சர்வதேசச் சங்கம் அங்கீகரித்த வகை அல்ல என்று மறுபடியும் தள்ளுபடி! நம் ஆபீசுகளில் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை என்று மனு திரும்பி வருகிற மாதிரிதான்.

ஏன் இந்தக் கெடுபிடி? வண்டியிலேயே மீட்டர் இருக்குமே, அதைப் பார்த்துச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஸ்பீடாமீட்டர் என்பது வண்டி எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் பார்க்கிறது. பழைய மீட்டரில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதைத் தடுக்கும். இந்த இழுபறியில்தான் முள் நகர்கிறது. இப்போதைய வண்டிகளில் கேபிளுக்குப் பதில் மின் கருவி வந்துவிட்டது. ஆனாலும் எண்ணுவது என்னவோ சுற்றைத்தான்.

இதில் எத்தனையோ ஓட்டை உண்டு. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறுத்துப்போகிறது. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று தேவைப்படும். மீட்டர் கூடுதலாகக் காட்டும். இதில் பெரிய ஆபத்து இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று பெரிய டயர் மாட்டினால் கதை தலைகீழ். மீட்டர் 80 என்று காட்டும். வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இதனால்தான் ஐ.நா. மோட்டார் வாகன விதிகளில், மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும்தான்.

காம்ப்பெல்லுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கடற்கரை ஈர மணலில் அசுர எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும்போது சக்கரம் வழுக்கிச் சுழலும். முள் ஏறிக்கொண்டே போகும். கார் அவ்வளவு போகாது. ஆகவே தரையில் ஒரு மைல் அளந்து, இரண்டு முனையிலும் மின்சாரக் கடிகாரத்தை இணைத்து, அந்த மைலுக்கு எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளி உதவியிருக்கலாம் அல்லவா? அதற்காக, குறித்த நேரத்துக்குள் திரும்பி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. கிலோமீட்டர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ரயில் பயணிகளும் இதைச் செய்யலாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 45 நொடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர்.

1924 ஆகஸ்டில் மறுபடி ஃபேனோவுக்குப் போனார். ஜனங்கள் ஓடுபாதைக்கு மிக அருகில் நிற்கிறார்கள், ஆபத்து என்று அமைப்பாளர்களை எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை. ஓட்டத்தின் நடுவே டயர் ஒன்று கழன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் இறந்துபோனான். காம்ப்பெல் மீது குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. பையனின் உயிர் போனது போனதுதான்.

அடுத்த மாதம் 25ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் பெண்டைன் மணற்கரையில் 146.16 மைல். இந்தத் தடவை கடிகாரமும் சரி, காகிதமும் சரி. 1925 ஜூலையில் அதே இடத்தில் 150 மைலைத் தாண்டினார். மொத்தம் ஒன்பது முறை தரைச் சாதனை அவர் கைக்கு வந்தது.

கூட ஓடியவர்களின் கதை வேறு. 1927 மார்ச்சில் பாரி தாமஸ், காம்ப்பெல்லின் சாதனையை முறியடிக்க முயன்று அதே பெண்டைன் மணலில் வண்டி புரண்டு மாண்டார். அவருடைய காரை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள். 1969இல்தான் தோண்டி எடுத்தார்கள். 1928 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிராங்க் லாக்ஹார்ட் டேட்டோனா கடற்கரையில் டயர் வெடித்து இறந்தார். 1929 மார்ச்சில் அதே கரையில் லீ பைபிள் இறந்தார். படம் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் அவரோடு போனார். காம்ப்பெல்லின் பெரிய போட்டியாளர் சர் ஹென்றி சீக்ரேவ் காரில் தப்பித்து, 1930 ஜூனில் விண்டர்மியர் ஏரியில் படகு கவிழ்ந்து போனார்.

வேகம் இரட்டித்தால் டயரைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நாலு மடங்காகிறது. வண்டியை நிறுத்தத் தேவையான தூரமும் அப்படியே. காம்ப்பெல் இதை அறிந்தவர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டயர். டேட்டோனா கடற்கரை மேடு பள்ளமாக இருந்ததால் சில சமயம் அலை இறங்கி மணல் சமனாகும் வரை நாள் கணக்கில் காத்துக் கிடந்தார். 1931இல் அங்கே 246 மைல் போனதற்கு சர் பட்டம் கிடைத்தது. 1935 மார்ச்சில் 276 மைல். அதற்கு மேல் அந்த மணல் தாங்காது என்று தெரிந்து, பல மைல் தூரம் தட்டையாகக் கிடக்கும் உப்புப் பாலைவனத்தைத் தேடி யூட்டா மாநிலத்துக்குப் போனார்.

1935 செப்டம்பர் 3. இடம், பானவில். அப்போது காம்ப்பெல்லுக்கு வயது 50. கார் ஏறக்குறைய ஐந்து டன்; ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின். காற்று எதிர்ப்பைக் குறைக்க முன்பக்கத் திறப்பை மூடிக்கொண்டு அளந்த மைலுக்குள் நுழைந்தார். எண்ணெய் தெறித்து முன் கண்ணாடியை மறைத்தது. புகை உள்ளே வந்தது. மைலைத் தாண்டிய பிறகு முன் டயர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. வண்டியை நேராகப் பிடித்து நிறுத்தி, டயர்களை மாற்றி, திரும்பி ஓடினார்.

முதல் ஓட்டம் 11.83 நொடி. இரண்டாவது 12.18 நொடி என்று அறிவித்தார்கள். சராசரி 299.875 மைல். இத்தனை பாடுபட்டும் 300க்கு ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு குறைவு! பிறகு நேரக் கணக்கர்கள் தங்கள் பதிவுகளை மறுபடி சரிபார்த்தார்கள். இரண்டாவது ஓட்டம் உண்மையில் 12.08 நொடிதான். நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகு. திருத்திய சராசரி 301.129 மைல். முதலில் சொன்ன எண்ணே நின்றிருந்தால் அந்தப் பெருமை வேறொருவருக்குப் போயிருக்கும். உலகத்திலேயே சிறந்த கருவி வைத்துக்கொண்டு அளந்தவர்களுக்கே இந்தப் பிசகு நேர்ந்தது.

அத்துடன் தரையில் சாதனை ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். 1937இல் ரோடுகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தண்ணீரில் மட்டும் ஆசை தீரவில்லை. நாலு முறை படகுச் சாதனை செய்தார். கடைசியாக 1939 ஆகஸ்டில் கானிஸ்டன் ஏரியில் 141.74 மைல். 1948 டிசம்பர் 31ஆம் தேதி, பக்கவாதத்தால் நலிந்து, 63ஆவது வயதில் இறந்தார். அந்தக் கூட்டத்தில் நோயில் படுத்து இறக்கும் பாக்கியம் வெகு சிலருக்கே கிடைத்தது.

மகன் டொனால்ட் தகப்பனார் வழியிலேயே போனார். 1964இல் ஆஸ்திரேலியாவில் தரையில் 403 மைல், தண்ணீரில் 276 மைல் என்று ஒரே வருடத்தில் இரண்டு சாதனையும் செய்தார். 1967 ஜனவரி 4ஆம் தேதி, தகப்பனார் ஜெயித்த அதே கானிஸ்டன் ஏரியில் 'புளூ பேர்ட்' படகை இறக்கினார். போகும் ஓட்டம் சுமார் 297 மைல். அதிக நேரம் நிற்காமல் உடனே திரும்பினார். வரும் ஓட்டத்தில் 300 மைலுக்கு மேலே போனபோது படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. படகு குட்டிக்கரணம் அடித்து நீரில் மோதி முழுகியது. உடல் 2001இல்தான் கிடைத்தது. அளந்த தூரத்தை அந்த இரண்டாவது ஓட்டம் கடந்து முடிக்கவில்லை. அதனால் 297 மைல் எந்தச் சாதனைப் பட்டியலிலும் ஏறவில்லை.