குப்பைக்குப் போக இருந்த மருந்து: வேலியம் தந்த லியோ ஸ்டெர்ன்பாக் யார்?

பதற்றத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் டயஸெபாம் மாத்திரையின் பழைய பிராண்ட் பெயர்தான் வேலியம். இதைக் கண்டுபிடித்தவர் லியோ ஸ்டெர்ன்பாக்.

யார் இவர்?

1908-ல் இன்றைய குரோஷியாவில் உள்ள ஒபாதியாவில் பிறந்த யூதர். அப்பா மருந்துக்கடைக்காரர். போலந்தின் கிராகோவ் நகரில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பின், 1940-ல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கவே, 1941-ல் அந்த நிறுவனமே அவரை அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அனுப்பிவைத்தது.

கண்டுபிடிப்பு எப்படி நடந்தது?

1950-களில் மில்டவுன் என்ற அமைதி மாத்திரை சக்கைப்போடு போட்டது. அதற்குப் போட்டியாக ஒன்று வேண்டும் என்றது ரோஷ். கிராகோவில் சாயங்களுக்காக ஆராய்ந்த பழைய சேர்மங்களைக் கையில் எடுத்தார் ஸ்டெர்ன்பாக். சுமார் 40 சேர்மங்கள் செய்தும் பலனில்லை. வேறு வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

1957-ல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது, சோதிக்காமல் விட்ட ஒரு சேர்மம் சக ஊழியர் கண்ணில் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் லிப்ரியமாக வந்தது. அதைவிட வீரியமான வேலியம் 1963-ல் வந்தது.

எதற்குப் பயன்படுகிறது?

மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இது வலுப்படுத்துகிறது. அதனால்தான் பதற்றத்துக்கு மட்டுமின்றி வலிப்பு, தசை இறுக்கம், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கம் ஆகியவற்றுக்கும் இன்றும் கொடுக்கிறார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் அதிகம் எழுதித் தரப்பட்ட மருந்து வேலியம்தான். 1978-ல் மட்டும் 200 கோடிக்கும் மேல் மாத்திரைகள் விற்றன. ஆனா, சொன்ன அளவில் சாப்பிட்டவர்கள்கூட விட முடியாமல் தவித்தார்கள். 1979-ல் அமெரிக்க செனட்டே இதை விசாரித்தது.

திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மதுவோடோ, ஓபியாய்டு வலி நிவாரணிகளோடோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும் ஆபத்து உண்டு. 2020-ல் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றிலும் அடிமையாதல் பற்றிய கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. சாப்பிட்டு வருபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அவருக்கு என்ன கிடைத்தது?

கோடிகள் போனது நிறுவனத்துக்கு. காப்புரிமைக்காக ஸ்டெர்ன்பாக் கைக்கு வந்தது பெயரளவுக்கு 1 டாலர். அதைப் பற்றி அவர் பெரிதாக வருத்தப்படவில்லை. குடும்பத்தோடு உயிர் தப்ப வழி செய்ததே ரோஷ்தான். 241 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான அவர், 2005 செப்டம்பரில் 97 வயதில் வடக்கு கரோலினாவில் காலமானார்.