கறுப்புத் திரையும் ஸ்ரீரங்கத்து வாத்தியாரும்



முதலாம் ஆண்டில் கம்ப்யூட்டர் லேப் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். லினக்ஸ் திரையில் படமும் கிடையாது, மவுஸுக்கு வேலையும் கிடையாது. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டும். நானோ பத்தாவது வரை தமிழ் மீடியம். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கி, கட்டளைகளை மனப்பாடம் பண்ணினேன். லேபுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்து போச்சு. படிப்பையே விட்டுடலாமான்னுகூட நினைச்சேன்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்து சீனியர் அண்ணன் ஒருவர் 'கம்ப்யூட்டரே ஒரு கதை சொல்லு' என்ற புத்தகத்தைக் கொடுத்தார். எழுதியவர் சுஜாதா. முதலில் பயம் போகட்டும், கட்டளை தானா வரும் என்றார் அண்ணன்.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935 மே 3 அன்று சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தாலும், பாட்டியிடம் வளர்ந்தது நம்ம ஸ்ரீரங்கத்தில்தான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்தார். அப்துல் கலாம் படித்ததும் இதே இரண்டு இடங்களில்தான். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிவிட்டு, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

வேலை எஞ்சினியர் வேலை. புகழ் பெற்றதோ மனைவியின் பெயரில் எழுதிய எழுத்தாளராக! கதைகளோடு நிற்காமல், கம்ப்யூட்டரையும் சிலிக்கன் சில்லையும் எளிய தமிழில் விளக்கினார். 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்கு மதிப்புக் கொடுத்துப் பதில் எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றதற்காக 1993-ல் மத்திய அரசின் விருது பெற்றார். 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார்.

அவரைப் படித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. இயந்திரம் மந்திரம் அல்ல. சொன்னதை மட்டும் செய்யும் வேலையாள். அந்தத் தைரியத்தில் மறுபடி லேபில் உட்கார்ந்தேன். நல்ல கையேடு திரைக்குள்ளேயே இருந்தது! யூனிக்ஸை உருவாக்கிய தாம்ப்சனும் ரிச்சியும் 1971-லேயே அதற்குக் கையேடு எழுதிவிட்டார்கள். அந்த வழக்கம் லினக்ஸிலும் தொடர்கிறது. 'மேன்' என்று அடித்து, ஓர் இடம் விட்டுக் கட்டளையின் பெயரை அடித்தால் விளக்கம் வரும். பெயரே தெரியாவிட்டால் 'அப்ரோபோஸ்' போட்டு, வேண்டிய விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகக் கொடுத்தால் போதும், பொருத்தமான கட்டளைகளைக் காட்டும். தினம் ஒரு கட்டளை படித்தேன். உடனே அடித்தும் பார்த்தேன். புரிந்ததைத் தமிழில் நோட்டில் எழுதினேன்.

இப்போது அந்த நோட்டு ஜூனியர் தம்பிகளிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிழிஞ்சு வந்தாலும் சந்தோஷம்தான்! நண்பர்களே, நீங்களும் கற்றதைத் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் ஒருவன் அந்தக் கறுப்புத் திரைமுன் நடுங்கி நிற்பான். அவனுக்கு அது உதவும். ஸ்ரீரங்கத்து வாத்தியாருக்கு நாம் செலுத்தும் குருதட்சணையும் அதுவே!