கம்ப்யூட்டருக்குக் கைகாட்டி அமைத்த மேதை

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரெயில்கள். கைகாட்டி மரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மோதல்தான்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி மோதல் உண்டு. அதைத் தடுக்கக் கைகாட்டி அமைத்துக் கொடுத்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

இளமை

ஹாலந்து நாட்டில், ராட்டர்டாம் என்ற துறைமுக நகரில் 1930-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ரசாயன ஆசிரியர். தாயார் கணக்கில் புலி.

சட்டம் படித்து, ஐ.நா. சபையில் தம் நாட்டின் பிரதிநிதி ஆகவேண்டும் என்பது எட்ஸ்கரின் ஆசை. ஆனால் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அள்ளி அள்ளி மார்க் வாங்கினார். ஆகவே லெய்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தார்.

1952-ல் ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித மையத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை.

1957-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் மரியா. கல்யாணப் பதிவில் தம் தொழில் புரோகிராம் எழுதுவது என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்! கடைசியில் பௌதிக விஞ்ஞானி என்றே பதிவானது.

பூட்டில் ஓட்டை

அந்தக் காலத்தில் எக்ஸ்-1 என்ற புதிய கம்ப்யூட்டர் வந்தது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, வேறு வேலை அழைத்தால், முதல் வேலையை நடுவில் விட்டுவிட்டு அதைக் கவனிக்கும். எந்த நொடியில் அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. இதில் உள்ள ஆபத்தை டைக்ஸ்ட்ரா உணர்ந்தார்.

அது என்ன ஆபத்து?

பேங்கில் ஒருவர் கணக்கில் 100 ரூபாய் இருக்கிறது. இரண்டு குமாஸ்தாக்கள் அதே கணக்கில் ஆளுக்கு 50 ரூபாய் வரவு வைக்கிறார்கள். இருவருமே 100 என்று பார்க்கிறார்கள். இருவருமே 150 என்று எழுதுகிறார்கள். 200 இருக்கவேண்டிய இடத்தில் 150! 50 ரூபாய் மாயம்!

சரி, பூட்டுப் போட்டுவிடலாமே? ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் வெளியே நிற்கட்டும்.

கம்ப்யூட்டரில் பூட்டு என்பது வெறும் ஓர் எண். 0 என்றால் திறந்திருக்கிறது. 1 என்றால் பூட்டியிருக்கிறது. நுழைய வருகிறவர் பார்க்கவேண்டும். 0 இருந்தால் அதை 1 ஆக்கிவிட்டு உள்ளே போகவேண்டும்.

இங்கேதான் வினை! பார்ப்பது ஒரு செயல். மாற்றுவது இன்னொரு செயல். கண் இமைப்பதைவிடச் சிறிய அந்த இடைவெளியில் இன்னொருவரும் 0 என்று பார்த்துவிட்டால், இருவரும் உள்ளே!

இந்தப் பிழை பொல்லாதது. ஆயிரம் தடவை ஒன்றும் நேராது. ஒருநாள் கவிழ்த்துவிடும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் அகப்படாது.

தீர்வு

இரண்டு வேலைகள் மோதாமல் இருக்க டெக்கர் என்ற கணித அறிஞர் வழி கண்டார். எத்தனை வேலைகள் இருந்தாலும் பொருந்தும் வழியை டைக்ஸ்ட்ரா 1965-ல் வெளியிட்டார்.

அதில் ஒரு குறை. காத்திருப்பவர் கதவை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கம்ப்யூட்டரின் சக்தி வீண்.

அதற்கும் அவர் மாற்று வைத்திருந்தார். ரெயில் கைகாட்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார். பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே செயல். நடுவில் யாரும் புக முடியாது. இடம் இல்லையென்றால் வந்தவர் தூங்கலாம். உள்ளே இருப்பவர் வெளியேறும்போது தூங்குபவரை எழுப்புவார்.

ஐந்தோவன் நகரில் பேராசிரியராக இருந்தபோது, சிறு குழுவுடன் இந்தக் கைகாட்டிகளை வைத்தே கம்ப்யூட்டரை ஆளும் தலைமைப் புரோகிராமை உருவாக்கினார். அதுபற்றிய கட்டுரை 1968-ல் வெளிவந்தது.

உயிர் குடித்த பிழை

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் தெராக்-25 என்ற யந்திரத்தில், பார்ப்பதும் மாற்றுவதும் தனித்தனியே நடந்தன. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 விபத்துகள். அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்து நோயாளிகள் சிலர் மாண்டனர். இந்த இடைவெளியும் அதற்கு ஒரு காரணம்.

பிழையைப் பிறகு தேடுவதைவிட, நுழையவிடாமல் தடுப்பதே மேல் என்பது டைக்ஸ்ட்ராவின் கொள்கை. சோதனையில் பிழை தென்படவில்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது என்று அவர் வலியுறுத்தினார்.

மறைவு

1972-ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கம்ப்யூட்டர் மேதையான அவர், தம் கட்டுரைகளை மைப்பேனாவால் கையால் எழுதினார்! 1,300-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் அவை.

பின்னர் தாய்நாடு திரும்பினார். 2002-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, 72-வது வயதில், புற்றுநோயால் காலமானார்.

இன்று பார்ப்பதையும் மாற்றுவதையும் ஒரே மூச்சில் செய்யும் வசதி கம்ப்யூட்டரின் சில்லிலேயே இருக்கிறது. நம் சட்டைப்பையில் உள்ள செல்போனுக்குள்ளும் டைக்ஸ்ட்ராவின் கைகாட்டி ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.